ஓடும் நீரும் கசியும் நீரும்: நெடுஞ்சாலை விளிம்பின் வடிகால்களும் அவற்றின் பெயர்களும்



இப்பொழிவின் தலைப்பைக் கண்டு வியந்தோர் இவ்வவையில் சிலர் இருக்கக்கூடும். மொழியியல் கற்றவர்க்கும் சாலையோர வடிகாலுக்கும் என்ன தொடர்பு என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் வினவினார். தொடர்பு ஒரு பிழையில் தொடங்கியது. அப்பிழை நம்முடையது. ஆகவே அதனை முதலிற் சொல்லிவிடுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓய்வுபெற்ற ஆசிரியர் சிலரோடு சேர்ந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கெனச் சிறு கலைச்சொல் தொகுப்பு ஒன்றை ஆக்கினோம். சாலையும் நீரும் பற்றிய பகுதியில், ஆங்கிலத்தில் தனித்தனிப் பெயர் தாங்கிய நான்கு அமைப்புகளுக்கு நேராக நாம் எழுதியிருந்த தமிழ் ‘வடிகால்’ என்னும் ஒரே சொல். அடைமொழி கூட இல்லை. கைப்படியைப் பார்வையிடுமாறு நம்முடைய பழைய மாணவர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் இன்று சாலைப் பொறியாளர். அந்த நான்கு சொற்களையும் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். “ஐயா, இவை நான்கும் ஒன்றல்ல. ஒன்றைப் பேணுவது போல மற்றொன்றைப் பேணினால் சாலை கெட்டுப்போகும்” என்றார்.

பின்னர்த் தம் பணியிடத்தில் கண்ட ஒன்றையும் கூறினார். ‘வடிகாலைத் தூய்மை செய்க’ என்று தமிழில் எழுதிய பணிக்குறிப்பு ஒன்று ஊழியர்களிடம் தரப்பட்டிருந்தது. அவர்கள் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். பணியில் குறை வைக்காதவர்கள். சாலையோரத் திறந்த வடிகாலிலிருந்த சருகையும் மண்ணையும் அள்ளி, கழுவித் துடைத்தாற்போல் ஆக்கிவிட்டனர். சற்றுத் தள்ளிப் புல்சரிவில், ஒரு சாண் அகலமும் இல்லாத குழாயின் வாய் மண்மூடிக் கிடந்தது. அதனை எவரும் தொடவில்லை. உண்மையில் அன்று தூய்மை செய்ய வேண்டியிருந்தது அந்தக் குழாயைத்தான். குறிப்பை எழுதியவர் மனத்தில் அதுவும் வடிகால். படித்தவர் கண்ணுக்குத் தெரிந்த வடிகாலோ வேறு. பிழை ஊழியருடையது அன்று, சொல்லினுடையது. அத்தகைய சொல்லைத்தான் நாமும் மாணவர்க்கு எழுதிக் கொடுக்க இருந்தோம்.

அதன்பின் அப்பொறியாளரையே ஆசிரியராகக் கொண்டு, சாலையின் விளிம்பில் நீர் என்ன செய்கிறது என்பதைக் கற்றோம். கற்றதையும், அதிலிருந்து சொல்லாக்கத்திற்குக் கிடைத்த ஒரு நெறியையும் இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

1. சாலைக்கு நீர் ஏன் பகை

சாலை என்பது மேலே தெரியும் கருந்தளம் மட்டுமன்று. அதன்கீழ்ச் சல்லிப் படுகைகள் உள்ளன. அவற்றின்கீழ் இயற்கை நிலம் உள்ளது. பாரத்தை இறுதியில் தாங்குவது நிலமே. 1816இல் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஜான் லவுடன் மெக்காடம் இவ்வுண்மையைத் தம் முறையின் அடித்தளமாக்கினார். நிலம் உலர்ந்திருக்கும் வரை பாரத்தைத் தாங்கும். ஆகவே சாலையைச் சுற்றுநிலத்தைவிட உயர்த்துக, இருபுறமும் நீர்செல்ல வழிசெய்க என்பது அவர் கொள்கை. அவருடைய பெயர் சல்லிச் சாலையோடு ஒட்டிக்கொண்டது. ஆயின் அவர் பேணியது சல்லியை மட்டுமன்று, அதன் உலர்வையும் ஆகும்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒட்டாவா நகரருகே பெருஞ்சாலை ஆய்வொன்று நிகழ்ந்தது. பலவகைத் தளங்களை அமைத்து, அவற்றின்மீது பாரவுந்துகளை இடைவிடாது ஓட்டிப் பார்த்தனர். பனி உருகி நிலம் ஈரம் கோத்துக்கொள்ளும் இளவேனிற் காலத்தில் தளங்கள் மிக விரைந்து சிதைந்தன. வண்டிகள் அவையே, பாரமும் அதுவே. மாறியது நிலத்தின் ஈரமே. நம் நாட்டில் பனி இல்லை. ஆயினும் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகின்றது. நிலம் நீண்டநாள் உலர்ந்திருப்பதும் அரிது.

நீர் செய்யும் தீங்கு இருவகை. தளத்தின்மேல் மெல்லிய படலமாக நிற்கும் நீர், விரைந்து செல்லும் டயரைச் சாலையிலிருந்து பிரித்து வண்டியை வழுக்கச் செய்யும். இது உயிருக்கு ஆபத்து. தளத்திற்குள் வெடிப்பு வழியாகவும் ஓரத்தின் வழியாகவும் புகும் நீர் சல்லிப் படுகையில் தங்கும். கனத்த சக்கரம் ஏறும்போது அந்நீர் அழுத்தமுற்று, நுண்மண்ணைக் கரைத்துக்கொண்டு வெடிப்பு வழியே பீறிடும். பல்லாயிரம் சக்கரங்கள் ஏறியிறங்கியபின் தளத்தின்கீழ் வெற்றிடம் உண்டாகித் தளம் உடையும். இது சாலையின் உயிருக்கு ஆபத்து. முதல் தீங்கை அகற்றும் அமைப்பு வேறு. இரண்டாவதை அகற்றும் அமைப்பு வேறு. இவ்வேறுபாட்டைத்தான் நம் தொகுப்பு மறைத்துவிட்டது.

2. மேல்நீரை அகற்றும் அமைப்புகள்

தளத்தை முற்றிலும் மட்டமாக அமைப்பதில்லை. ஒரு மீட்டர் அகலத்திற்கு ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை விளிம்பை நோக்கிச் சரிவு தருவர். மழைநீர் அச்சரிவில் ஓடி விளிம்பை அடையும். எவ்வளவு நீர் என்பதை மாணவர்களே கணக்கிடலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதம் பெய்யும் கடுமழை, 10 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் உள்ள சாலைப்பகுதியில் மணிக்கு 1,00,000 லிட்டர் நீரைக் கொட்டும். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர். அவ்வளவும் விளிம்பு வழியேதான் வெளியேற வேண்டும்.

அதனை வெளியேற்ற இரண்டு முறைகள் உள. முதலாவது, விளிம்பில் தடை எதுவும் வைக்காமல் நீரைப் புல்சரிவில் வழியவிட்டு, அகன்று ஆழங்குறைந்த புல்வாய்க்காலில் சேர்ப்பது. செலவு குறைவு. புல் நீரின் விரைவைத் தணிக்கும். எண்ணெய்ப் பிசுக்கையும் நுண்மண்ணையும் ஓரளவு பிடித்துவைக்கும். மலேசியாவில் நீர்ப்பாசன வடிகால் துறை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மழைநீர் மேலாண்மைக் கையேடும், சிங்கப்பூரில் 2006இல் தொடங்கிய நீர்நிலை மேம்பாட்டுத் திட்டமும் இத்தகைய பசுமை அமைப்புகளை ஊக்குவிக்கின்றன. ஆயின் இதற்கு இடம் வேண்டும். செங்குத்தான சரிவில் மண் அரித்துப்போகும்.

இரண்டாவது, ஓரக்கல்லை உயர்த்தி நீரை அதன் அடியில் ஓடச்செய்து, இடையிடையே விட்ட திறப்புகள் வழியாகக் கான்கிரீட் வடிகாலில் விழச்செய்வது. இடம் குறுகிய நகர்க்கு இதுவே ஏற்றது. நம் தெருக்களில் நாள்தோறும் காண்பதும் இதுவே. இதன் வலுவின்மை அத்திறப்புகளில் உள்ளது. ஒரு கைப்பிடிச் சருகோ ஒரு நெகிழிப் பையோ திறப்பை அடைத்தால், கீழே எவ்வளவு பெரிய வடிகால் இருந்தும் பயனில்லை. நீர் சாலையிலேயே நிற்கும். மழை ஓய்ந்தபின் தேங்கிய இடத்தில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

3. உள்நீரை அகற்றும் அமைப்புகள்

கண்ணுக்குத் தெரியாத நீர்க்கு மூன்று முறைகள் உள.

பழமையானது, விளிம்பை ஒட்டி அகழி தோண்டிக் கல் நிரப்புவது. ஆங்கிலத்தில் இதனைப் பிரெஞ்சு வடிகால் என்பர். பிரான்சு நாட்டிற்கும் இப்பெயர்க்கும் தொடர்பில்லை. 1859இல் வயல் வடிகால் பற்றி நூல் எழுதிய ஹென்றி பிளாக் பிரெஞ்ச் என்னும் அமெரிக்க வழக்கறிஞரின் பெயரால் வழங்குவது. இதனைப் ‘பிரான்சு வடிகால்’ என்று பெயர்த்தால் என்ன ஆகும் என்பதை மொழிபெயர்ப்பு பயிலும் மாணவர் எண்ணிப் பார்க்க. கல் அகழி எளிது. மேல்நீரையும் உள்நீரையும் ஒருங்கே ஏற்கும். பிரித்தானிய நெடுஞ்சாலைகளில் நெடுங்காலம் விரும்பி அமைத்தனர். குறை யாதெனின், நாளடைவில் நுண்மண் கல்லிடுக்குகளில் நிறைந்துவிடும். மேலும், ஓரத்தில் ஏறும் வண்டிகள் கற்களைச் சாலைமீது தெறிக்கச் செய்யும்.

இரண்டாவது, அகழியின் அடியில் துளையிட்ட குழாயைப் பதித்து, சுற்றிலும் சல்லி இட்டு, மண் புகாதபடி நீரை மட்டும் விடும் துணியால் போர்த்துவது. குழாய் நீரைச் சேர்த்துக் குறிப்பிட்ட தொலைவுக்கொரு வாய் வழியாகச் சரிவில் வெளியேற்றும். அடைபட்டால் நீர்பாய்ச்சிக் கழுவலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் கழுவ வேண்டும் என்பதை யாரேனும் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, தொழிற்சாலையில் ஆக்கிய மெல்லிய நெகிழித் தகட்டைத் துணியால் போர்த்து, குறுகிய அகழியில் செங்குத்தாக இறக்குவது. அமெரிக்காவில் 1980களில் பழைய சாலைகளின் ஓரத்தில் இதனைப் பெருமளவில் பதித்தனர். அகழி குறுகியது, வேலை விரைவு, செலவு குறைவு. எனினும், அகழியை மூடும்போது தகடு வளைந்து நசுங்கிய இடங்கள் பல. துணிக்கும் தளத்திற்கும் இடையே வெற்றிடம் விழுந்தால் நுண்மண் அவ்வழியே கழுவிச் செல்லப்படும். குழாயைப் போல எளிதிற் கழுவவும் இயலாது.

4. ஒப்பீடு கற்பிப்பது

இவற்றுள் எது சிறந்தது? எவ்வளவு நீரை வெளியேற்றும் என்பது முதல் அளவுகோல். மணல், சல்லி போன்றவற்றின் வழியே நீர் செல்லும் அளவை 1856இல் ஹென்றி டார்சி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் விதியாக வகுத்தார். தூய பருஞ்சல்லி நீர்விடும் திறன் களிமண்ணினும் பல இலட்சம் மடங்கு மிகுதி. ஆகவே சல்லிக்குள் சிறிது களிமண் கலந்தாலும் அமைப்பின் இயல்பே மாறிவிடும்.

ஆயினும், பதித்த நாளன்று ஐந்து முறைகளும் தத்தம் வேலையைச் செய்யும். வேறுபாடு பத்தாம் ஆண்டில்தான் புலப்படும். 1990களில் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் விளிம்புக் குழாய்களுக்குள் சிறு ஒளிப்படக் கருவிகளைச் செலுத்திப் பார்த்தனர். நசுங்கிய குழாய், மண்மூடிய வாய், எலி கட்டிய கூடு என்று பல இடங்களில் பலவகை அடைப்பு. முழுமையாக இயங்கியவை சிறுபான்மையே. பழைய கான்கிரீட்டை உடைத்துச் சல்லியாக இட்ட இடங்களில் சுண்ணப் படிவு துணியின் துளைகளை அடைத்திருந்தது. வாய் அடைபட்ட குழாய் வெறுமனே பயனற்றது அன்று, தீங்கானது. அது நீரைச் சேர்க்கும், ஆனால் போக்காது. பேண மனமில்லையெனில் இவ்வமைப்பை வைக்காமலிருப்பதே நன்று என்று பொறியாளர் கூறுவது இதனாலேயே.

எனவே, நமக்குக் கிடைத்த இரண்டாவது அளவுகோல் இது: அடைபட்டால் தெரியுமா? ஓரக்கல் திறப்பு அடைபட்டால் ஒரே மழையில் ஊரறியும். புல்வாய்க்காலில் நீர் தேங்கினால் நடந்து செல்பவர் காண்பார். கல் அகழி அடைபட்டதைப் பயின்ற கண்ணே அறியும். குழாயும் தகடும் அடைபட்டால் சாலை உடையும் வரை எவரும் அறியார். தெரியாத பொருளைப் பேணுவதற்கு ஒரே வழி, அதற்கென ஒரு பெயரும் பட்டியலில் ஓரிடமும் இருத்தல். பெயரில்லாத குழாயின் வாயை எவரும் தேடிச் செல்லார்.

5. வினைச்சொல்லே வழிகாட்டி

இனி மொழிக்கு வருவோம். தமிழில் நீரின் இயக்கத்தைக் குறிக்கும் வினைகள் மிகப் பல. ஓடுதல், வழிதல், ஒழுகுதல், சொட்டுதல், கசிதல், ஊறுதல், வடிதல், தேங்குதல். இவை ஒன்றற்கொன்று மாற்றாக நிற்பன அல்ல. குடம் நிறைந்தால் நீர் வழியும். குடத்தில் ஓட்டையிருந்தால் ஒழுகும். புதிய மண்குடமாயின் சுவரெங்கும் கசியும். மழலையும் இவ்வேறுபாட்டை அறியும். வழிதல் மேலிருந்து நிகழ்வது. கசிதல் ஒரு பொருளின் ஊடாக நிகழ்வது. பொறியியலார் மேல்நீர், உள்நீர் என்று பிரித்ததை வீட்டுத் தமிழ் முன்னரே வினைகளால் பிரித்து வைத்துள்ளது.

‘வடிதல்’ இவற்றுள் தனித்தன்மை வாய்ந்தது. சோற்றை வடிக்கும்போது கஞ்சி பிரிகிறது, சோறு தங்குகிறது. வடிகட்டியில் காப்பி இறங்குகிறது, தூள் தங்குகிறது. வெள்ளம் வடிந்தபின் நிலம் எஞ்சுகிறது. ஒன்று நீங்க, மற்றொன்று நிலைபெறுதலே வடிதலின் உட்பொருள். மண்ணை நிறுத்தி நீரை மட்டும் விடும் துணிக்கு இதனினும் பொருத்தமான வினை கிடைக்குமா? ஆகவே அத்துணியை ‘வடிதுணி’ என்றோம்.

‘கால்’ என்பது நீர் செல்லும் தடம். வாய், கால் என்னும் இரண்டே உறுப்புகள் முன்பின்னாக மாறி ‘வாய்க்கால்’, ‘கால்வாய்’ என இரு சொற்களாயின. முன்னது வயலுக்கு நீர் கொணரும் சிறு தடம், பின்னது பெருந்தடம். காவிரிப் படுகையில் பாசன ஆறு வேறு, வடிகால் ஆறு வேறு. கொணர்வதும் போக்குவதும் வெவ்வேறு வேலை என்பதை உழவர் பெயரிலேயே காத்துள்ளனர். நம் பகுதியிலோ நாளிதழில் கால்வாய், தெருப்பேச்சில் மலாய்ச் சொல்லான லோங்காங், தமிழகத்திலிருந்து வருவோர் வாயில் சாக்கடை, இலங்கைத் தமிழர் வாயில் கான் என்று பல வழங்குகின்றன. இவற்றுள் எதனையும் நாம் பழிக்கவில்லை. பேச்சுக்கு இவை போதும், பணிக்குறிப்புக்குப் போதா.

பழந்தமிழும் கைகொடுக்கின்றது. மணிமேகலையின் கச்சிமாநகர் புக்க காதையில் வீட்டுநீர் வெளியேறும் வழியைச் சொல்லுமிடத்துச் சுருங்கை, தூம்பு என்னும் இரு சொற்களும் வருகின்றன. சுருங்கை மூடிய நிலத்தடி வழி. கிரேக்கச் சொல்லொன்றோடு இதனைத் தொடர்புபடுத்துவோரும் உளர். தூம்பு உள்ளீடற்ற குழல். ஏரிக்கரையை ஊடறுத்து நீர்விடும் அமைப்புக்கும் இதுவே பெயர். ஓரக்கல்லை ஊடறுத்து நீர்விடும் திறப்புக்குத் ‘தூம்பு’ என்பதை நாம் எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். கரை சிறிதாயிற்று, வேலை மாறவில்லை.

6. பெயரிட்ட முறை

திருத்திய தொகுப்பில் ஒவ்வோர் அமைப்பின் முன்னும் நின்று ஒரே வினாவை எழுப்பினோம்: இங்கு நீர் என்ன செய்கிறது? விளிம்பைத் தாண்டி வழிகிறது எனின் அது ‘வழிவிளிம்பு’. அந்நீரை ஏற்பது ‘புல்வாய்க்கால்’. ஓரக்கல்லின் அடியில் ஓடுகிறது எனின் ‘ஓடுகால்’; அதன் திறப்பு ‘தூம்பு’. கல்லிடுக்கில் கசிகிறது எனின் ‘கசிகால்’. தகட்டின் வழியே வடிகிறது எனின் ‘வடிதகடு’.

துளையிட்ட குழாய்தான் தொல்லை தந்தது. ‘கசிகுழாய்’ என்று முதலில் எழுதினோம். பொறியாளர் சிரித்துவிட்டார். “ஐயா, இப்படி எழுதினால் பழுதுபார்க்க ஆள் அனுப்பிவிடுவார்கள்” என்றார். உண்மைதான், கசியும் குழாய் என்றாலே பழுதான குழாய் என்பதுதான் வழக்கு. ‘வடிகுழாய்’ என்றோம். அது மருத்துவமனையில் நோயாளிக்குப் பொருத்தும் குழாய்க்கு ஏற்கெனவே வழங்குகிறது. முடிவில் ‘விளிம்பு வடிகுழாய்’ என அடைமொழி சேர்த்தோம். அது சரிவில் திறக்கும் இடத்திற்கு ‘வெளிவாய்’ என்று பெயரிட்டோம். நீளம் சற்று மிகுதிதான். ஆயினும் குழப்பமில்லை. சொல்லாக்கத்தில் அழகு, சுருக்கம், தெளிவு மூன்றும் ஒருங்கே வாய்ப்பது அரிது. ஒன்றை விடவேண்டுமெனின் தெளிவை விடலாகாது.

இன்று அப்பணிக்குறிப்பை மீண்டும் எழுதுவதாயின் இப்படி எழுதலாம்: ‘ஓடுகாலிலும் தூம்பிலும் உள்ள சருகை அகற்றுக. புல்சரிவில் விளிம்பு வடிகுழாயின் வெளிவாயைத் தேடிக் கண்டு, மண்ணை நீக்கி, நீர் வருகிறதா எனப் பார்க்க.’ இரண்டே வாக்கியங்கள். படிப்பவர்க்கு எங்கே போவது, எதைத் தொடுவது, எப்போது வேலை முடிந்தது என்னும் மூன்றும் தெரியும்.

பொறியாளர் ஆங்கிலத்திலேயே பணியாற்றும் நாட்டில் இச்சொற்கள் எதற்கு என்று கேட்பர். கேள்வி நேர்மையானது. வரைபடம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் மழையில் குனிந்து வெளிவாயைத் திறப்பவர் கையில் உள்ள குறிப்பு தமிழில் இருக்கலாம். வகுப்பில் ‘சாலையில் ஏன் நீர் தேங்குகிறது?’ என்று கேட்கும் பிள்ளைக்குத் தமிழாசிரியர் தரும் விடையும் தமிழில்தான் இருக்கும். அவ்விரண்டும் தெளிவாக இல்லையெனில், தமிழ் பாராட்டுரைக்கு மட்டும் உரிய மொழி என்று அப்பிள்ளை முடிவுகட்டிவிடும். அதுவே நாம் அஞ்சுவது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மழைக்குப்பின் மாணவர்களைப் பள்ளி வாயிலருகே பாதுகாப்பாக நிறுத்தி, நீர் செல்லும் வழியைத் தமிழில் விவரிக்கச் சொல்லுங்கள். ‘போகிறது’ என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது என்பது மட்டுமே விதி. ஓடுகிறதா, வழிகிறதா, கசிகிறதா, தேங்குகிறதா என்று அவர்கள் நோக்கத் தொடங்குவர். அறிவியலும் மொழியும் அங்கே ஒரே பாடமாகும்.

இறுதியாக ஓர் இலக்கணச் செய்தி. வடிகால், ஓடுகால், கசிகால் ஆகிய மூன்றும் வினைத்தொகை. வினைத்தொகையில் காலங்காட்டும் உறுப்பு வெளிப்படாது. வடிந்த கால், வடிகின்ற கால், வடியும் கால் என மூன்று காலத்திற்கும் விரியும். வடிகாலின் இலக்கணமும் அதுவே. நேற்று வடிந்தது போதாது. இன்று வடிய வேண்டும், நாளையும் வடிய வேண்டும். முன்னோர் இலக்கணத்தில் அதனைச் சொல்லில் வைத்துவிட்டனர். சாலையில் அதனை வைத்துக் காப்பது ஊழியர் கையிலும், அவர்க்குத் தெளிவான சொல்லைத் தருவது நம் கையிலும் உள்ளன.